எலியின் கருப்பை

“இந்தப் பிள்ளையாவது தங்குமா மகள்?” என்று மாமி கேட்டார். முன்பு இரண்டு கலைந்திருந்தன. நான் தலைகுனிந்து நின்றேன்.

மதியம் அவர் மகள் மேனுகாவுக்குச் சோறு கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனேன். எலியின் கருப்பைத் துண்டொன்று கண்ணாடிக் குழாயில் தொங்கியது.

“பெண் ஓமோன் ஊசி போட்ட எலி, மச்சாள். பாருங்க.”

அவள் ஏதோ சாற்றில் ஒரு சொட்டு விட்டாள். துண்டு வெடுக்கென்று இறுகியது.

“ஊசி போடாத எலிக்கு ஒண்டும் ஆகல்ல. இதுக்கு எப்படி இறுகுது! வயித்தில குட்டி இருந்தா கலைஞ்சிரும்.”

“அது என்ன சாறு?”

“நம்மட அம்மாட கசாயம்தான். மாதக்கோளாறுக்கு ஊரே குடிக்குது. சொல்லாம எடுத்து வந்தன்” என்று சிரித்தாள்.

“கரு தங்கட்டும் எண்டு எனக்கும் தந்தவ. ரெண்டு தரமும் குடிச்சன். இண்டைக்குக் காலையிலயும் குடிச்சன்.”

மேனுகா என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனாள்.