யார் அடுக்கியது?

“மொதல்ல தண்ணி குடிங்கப்பா,” என்று போத்தலை நீட்டினாள் ஷாமினி.

“வேணாம்லா. போர்ட் கிள்ளான் வரைக்கும் லோரி ஓட்டணும். வழியில ஒண்ணுக்குப் போக எங்க நிறுத்துறது?” என்ற சுகுமாறன், சுபாங் ஜெயாவில் மகள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். வைத்த கண்ணை எடுக்க முடியவில்லை. மஞ்சளும் நீலமுமாய்ப் பளிங்குத் தகடுகள், கொஞ்சமும் பிசகாமல் அடுக்கடுக்காக மின்னின.

“கோபுரம் மாதிரி இருக்கேம்மா. யாரு அடுக்கினது?”

“யாருமில்லப்பா, தானா அடுக்கிக்கும். ஒவ்வொரு மூலக்கூறோட ஓரத்துலயும் இருக்கிற ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறோட ஆக்சிஜனைப் பிடிச்சுக்கும். லேசான பிடிதான். ஆனா அடுத்தது எந்தப் பக்கம் நிக்கணும்னு அந்தப் பிடிதான் முடிவு பண்ணும்.”

“கங்காணி இல்லாமலே இவ்ளோ ஒழுங்கா?” அவருக்கு மெய்சிலிர்த்தது. “எந்த மெஷின்ல வளர்த்தே?”

“நான் வளர்க்கலப்பா, நீங்கதான். போன வாரம் ஆஸ்பத்திரியில எடுத்த உங்க கிட்னி கல்லோட துண்டு இது. தண்ணி பத்தலைன்னா உள்ளுக்குள்ள இப்படித்தான் சேரும்.”

சுகுமாறன் இடுப்பைத் தடவிக்கொண்டார். மறுபடியும் குனிந்து பார்த்தார்.

“நான் பாட்டுக்கு லோரி ஓட்டிக்கிட்டு இருந்தேன். உள்ள இவ்ளோ பெரிய வேலை நடந்திருக்கு,” என்றார் மெல்ல.

பிறகு, கண்ணை எடுக்காமலே போத்தலுக்குக் கை நீட்டினார்.