கையெழுத்துக்கு மரியாதை

எம்.எல்.ஏ. தந்த சிபாரிசுக் கடிதத்தைப் பெரியவர் நிமிர்ந்து நின்று நீட்டினார். மகளுக்கு இடமாற்றம் வேண்டும்.

அதிகாரி கையெழுத்தை மட்டும் பார்த்தார். “பாக்கலாம், போயிட்டு வாங்க.”

“என்னங்க பாக்கலாம்? எம்.எல்.ஏ.வே எழுதியிருக்காரு!”

அதிகாரிக்கு இரக்கமாக இருந்தது. குரலைத் தாழ்த்தினார். “பச்சை மையில போட்டிருந்தா உடனே செய்யணும். நீல மைன்னா, வந்தவரை நல்லபடியாப் பேசி அனுப்பிடணும். அவரே சொல்லிவச்ச ஏற்பாடுதான் ஐயா. நீங்க அவருக்கு வேண்டியவரா?”

பெரியவர் தலைகுனிந்தார். “இல்லீங்க. ஓட்டுப் போட்டவன்.”

கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீடு வந்தார்.

வாசலிலேயே மனைவி கேட்டாள்: “நம்ம பையன் கையெழுத்தைப் பாத்ததும் எல்லாரும் எழுந்து நின்னிருப்பாங்களே?”

“நின்னாங்க” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.