தாமரையின் கீபோர்டு

டக் டக் டக் டக்.

கார்த்திகேசு வாயைத் திறந்தாலே போதும், மடிக்கணினிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கிளம்பிவிடும். போர்ட் கிள்ளானிலிருந்து வகுப்பில் சேரும் தாமரையின் கீபோர்டு அது.

ஞாயிறுதோறும் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் இருந்தபடி, உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இணையம் வழியாகக் கணினி நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறார் அவர். காசு வாங்குவதில்லை. வகுப்பை ஒழுங்காக முடிப்பவர்களுக்கு ஓர் ஆய்வுக்கூடத்தில் பயிற்சிக்கு இடம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்கு அந்த இடம்தான் கனவு.

"மறுபடியும் கேக்கறேன். இந்த டிஎன்ஏ வரிசையில முதல் எழுத்து எத்தனாவது?"

"ஒன்னாவது சார்!" என்று கூட்டமாகக் குரல் வந்தது.

"ஸீரோ! கம்ப்யூட்டர் ஸீரோவுல இருந்துதான் எண்ணும். எத்தனை வாட்டி சொல்றது?"

"சார், ஒரு தவளைய கொடுங்க, கண்ண மூடிக்கிட்டு அறுத்துக் காட்டறேன்," என்றான் பிரவின். "பொறந்ததுல இருந்து ஒன்னு, ரெண்டுன்னு எண்ணிட்டோம். இப்பப் போய் மாத்தச் சொன்னா எப்படி லா?"

எல்லாரும் சிரித்தார்கள். டக் டக் டக் டக்.

யாரும் தூங்கிவிடக் கூடாதென்று, மைக்கை மூடக் கூடாது எனச் சட்டம் போட்டவரே கார்த்திகேசுதான். அது இப்போது அவர் தலையிலேயே விடிந்தது. காலையில் கோயிலில் முருகனிடம் பொறுமை வேண்டுமென்று கேட்டுவிட்டு வந்திருந்தார். நெற்றியில் திருநீறு இன்னும் கலையவில்லை, பொறுமை கலைந்துவிட்டது.

"தாமரை! அப்படி என்னாமா டைப் பண்ணிக்கிட்டே இருக்க?"

"நோட்ஸ் சார்."

"போன வாரமும் நோட்ஸ்தான். ஆனா நீ எழுதுன புரோகிராம்தான் கிளாஸ்லயே கடைசி. ஷாமினியப் பாரு. மைக் கெட்டுப்போய் பேச முடியல. பதில் கொஞ்சம் லேட்டா வந்தாலும், சாட்டுல அவ எழுதிப் போடறது ஒன்னுகூட தப்பானதில்ல. அவளப் பார்த்துக் கத்துக்க!"

"சரி சார்."

அவர் பாடத்துக்குத் திரும்பினார். அடுத்த கேள்விக்கும் ஆளுக்கொரு தப்பான பதில் வந்தது. கீபோர்டும் ஓயவில்லை. கார்த்திகேசுவுக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ!

"உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கறதும், செவிடன் காதுல சங்கு ஊதறதும் ஒன்னுதான்!"

சத்தம் சட்டென்று நின்றது. நாலு வார்த்தை சூடாகச் சொன்னால்தான் உறைக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவர் பாடத்தைத் தொடர்ந்தார். ஒரு வரி முடிவதற்குள் மறுபடியும் டக் டக் டக்.

"தாமரை, போதும். நீ வெளியே போகலாம். பயிற்சிக்கும் உன் பேர நான் கொடுக்கப் போறதில்ல."

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. "சார், பயிற்சி இல்லாட்டி பரவாயில்ல சார். கிளாஸ் முடியற வரைக்குமாவது இருக்கேனே."

"எதுக்கு? இன்னும் நோட்ஸ் பாக்கி இருக்கா?"

"அது... நானா சொல்லக் கூடாது சார்."

"அப்ப நானும் உன்ன வச்சுக்கக் கூடாது," என்று தாமரையின் பெயரை வகுப்பிலிருந்து நீக்கினார்.

அப்பாடா! வகுப்பு சந்நிதி போல அமைதியாயிற்று. கார்த்திகேசு நிம்மதியாகப் பத்து நிமிடம் பாடம் நடத்தினார். தன் குரல் தனக்கே இனிமையாக இருப்பது போலப் பட்டது.

"இப்ப இந்த வரிசையில கடைசி எழுத்து எத்தனாவது? ஷாமினி, நீ சொல்லும்மா."

சாட்டில் ஒன்றும் வரவில்லை.

"ஷாமினி? உனக்குத் தெரியுமே!"

"லைன் போயிருச்சு போல சார்," என்றான் பிரவின்.

"பேரு இருக்கே. ஷாமினி, கூப்பிடறது கேக்கலயாம்மா?"

நீண்ட நேரம் கழித்து, சாட்டில் ஷாமினியின் எழுத்துகள் வந்தன.

"சார், தாமரைய உள்ள விடுங்க. அவ டைப் பண்ணினாத்தான் நீங்க பேசறது எனக்குக் கேக்கும்."