ராட்டின வரிசை

பொருட்காட்சித் திடல் வெயிலில் தகரமாய்க் கொதித்தது. ராட்டின வரிசையில் யாரோ டீச்சரின் காலை மிதித்தார்கள். யாரோ ஐஸ்கிரீமைப் புடவையில் ஈஷினார்கள். அவள் இடத்தை விட்டு நகரவில்லை.

ஒலிபெருக்கி மறுபடியும் அலறியது. "பச்சைப் புடவை கட்டிய டீச்சரம்மா உடனே ஆபீசுக்கு வரவும். உங்களைக் காணாமல் இங்கே ஒரே அழுகை."

பின்னால் நின்றவள் புடவையைப் பார்த்தாள். "உங்களைத்தானே கூப்பிடறாங்க?"

"ஆமா."

"பெத்த மனசு பதறலையா? போய்த் தூக்கிட்டு வாங்க."

"மாட்டேன். செருப்பைக்கூட நான்தான் தேடிக் கொடுக்கணும். இன்னிக்கு ஒரு நாள் அழட்டும்."

"நல்ல கல்நெஞ்சு" என்று முணுமுணுத்தவளுக்கு, அதே பெட்டியில்தான் இடம் கிடைத்தது.

ராட்டினம் உச்சிக்குப் போனதும் ஆபீஸ் வாசல் தெரிந்தது. டீச்சர் கையை நீட்டினாள்.

"அதோ, நீங்க தூக்கிட்டு வரச் சொன்னது."

தொலைந்த பிள்ளைகளுக்கு நடுவே, யாரோ கொடுத்த பலூனைப் பிடித்துக்கொண்டு, ஒரு வழுக்கைத் தலையர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என் வீட்டுக்காரர். 'இந்த வயசுல உனக்கு ராட்டினமா'ன்னு காலையில அதட்டினவர்."

பெட்டி கீழே வந்து நின்றது. டீச்சர் இறங்கவில்லை. பக்கத்தில் இருந்தவளும் இறங்கவில்லை.

"இன்னொரு சுத்து விடுப்பா" என்றது, கல்நெஞ்சு என்று முணுமுணுத்தவள்தான்.