ஊரான் பல்

“ஆம்பளை பல்லா, பொம்பளை பல்லா? அத்த மட்டும் சொல்லிடு டாக்டரம்மா. நான் பாட்டுக்குப் போய்க்கினே இருக்கேன்.”

முனியம்மாள் உட்கார மறுத்துவிட்டாள். உத்திரமேரூரில் பல் முகாமுக்காக ஒதுக்கியிருந்த சின்ன அறை அது. எதிரே டாக்டர் வசந்தகுமாரி. ஓரத்துப் பெஞ்சில் முனியம்மாளின் புருஷன் சடையப்பன், வாயை இறுக மூடிக்கொண்டு.

“எனக்கே தெரியாதும்மா,” என்றார் டாக்டர். “எது யார் பல்லுன்னு கம்பவுண்டர் ராஜாராமுக்குத்தான் தெரியும். எனக்கு வர்றது வெறும் நம்பர். யாரோடதுன்னு தெரிஞ்சா பார்வை ஒரு பக்கமா சாஞ்சிடும். ஆராய்ச்சின்னா அப்படித்தான்.”

“நல்லா கீது உன் ஆராய்ச்சி! எவ பல்லுன்னே தெரியாம எம் புருசன் வாயில சொருகிட்டியே.”

சடையப்பனுக்குச் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது. போன வருஷ முகாமில் இனாமாகப் பல்செட் கட்டிக் கொடுத்தார்கள். இந்தத் தடவை அந்தச் செட்டின் ஓரத்தில் சின்னக் குழி பறித்து, நொய்யரிசி அளவுக்கு ஒரு நிஜப் பல்லின் துண்டைப் பதித்து அனுப்பியிருந்தார்கள். முகாம்களில் பிடுங்கிச் சேர்த்து வைத்திருந்தவற்றில் சொத்தை இல்லாத பல்லாகப் பார்த்து, கொதிக்க வைத்து, மருந்தில் ஊறப்போட்டு எடுத்த துண்டு. செட்டைக் கழற்றி அவ்வப்போது சர்க்கரைத் தண்ணீரில் முக்க வேண்டும். அந்தத் துண்டை மட்டும் தேய்க்கக் கூடாது. வேலை அவ்வளவுதான்.

விஷயம் தெரிந்த நாளிலிருந்து முனியம்மாள் சோற்றுத் தட்டை எட்ட இருந்தே தள்ளிவிடுகிறாள். பாயையும் தனியாகப் போட்டுக்கொண்டாள். அவர்கள் ஊர் காவாந்தண்டலத்தில் களை எடுக்கிற இடத்தில் வேறு, “இன்னாடி முனிம்மா, உன் வூட்டுக்காரரு வாயில எவளோ புதுசா குடித்தனம் வந்துகீறாளாமே!” என்று கேட்டுச் சிரிக்கிறார்களாம்.

டாக்டருக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“கொஞ்சம் கேளுங்கம்மா. பட்டணத்துல கண்ணாடிக் குடுவையில பல்லைத் தொங்கவிட்டு, எச்சிலையும் சர்க்கரைத் தண்ணியையும் சொட்டுச் சொட்டா விட்டுப் பார்த்தோம். ஆனா குடுவை வாய் ஆயிடுமா? ஏரிப் படியில பாசி பிடிக்குது பாருங்க, அது மாதிரி பல்லு மேலயும் ஒரு பாசி படியுது. அதுல கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க குடியிருந்து, சர்க்கரையைத் தின்னு புளிப்பாக்குது. அந்தப் புளிப்புல பல்லு கரையுது. ஆரம்பத்துல அது எப்படி நடக்குதுன்னு பார்த்துட்டா, உங்க பேரப் புள்ளைங்களுக்குச் சொத்தையே வராம பண்ணலாம்.”

“பண்ணு, நல்லா பண்ணு. அதுக்கு இந்தாளு வாய்தான் கெடச்சுதா? போன வருசம் ஆடிக்கினு இருந்த என் பல்லை வலிக்காம புடுங்குனியேன்னு உன்னக் கையெடுத்துக் கும்புட்டேன். எனக்கே இப்பிடிப் பண்ணிட்டியே.”

டாக்டர் சடையப்பன் பக்கம் திரும்பினார். “செட்டைக் கழற்றிக் குடுங்க பெரியவரே.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக் கழற்றி, தோள் துண்டில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். லென்ஸ் வைத்துப் பார்த்த டாக்டரின் முகம் மாறிவிட்டது.

“என்ன இது! மத்தவங்க துண்டுல எல்லாம் வெள்ளையா படிஞ்சிருக்கு. உங்களுது புளி போட்டுத் தேய்ச்ச சொம்பு மாதிரி மின்னுதே. சர்க்கரைத் தண்ணியில முக்கவே இல்லையா?”

டாக்டர் முனியம்மாளை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்கதான் கழுவிட்டீங்களாம்மா?”

“நானா? எவ எச்சிலோ, நான் தொடுவனா? இந்தாளுதான் சாயங்காலமானா கொல்லையில குந்திக்கினு, உப்பைத் தொட்டுத் தொட்டு அந்த ஒரு துண்டையே தேச்சிக்கினு கெடந்துச்சு. தாலி கட்டுனவளை ஒரு நாளு அப்பிடிப் பாத்திருக்குமா?”

டாக்டர் பெருமூச்சு விட்டார். “என் வேலை வீணாப் போச்சு. சரி, துண்டை எடுத்துடறேன். வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

சின்ன ஊசி போன்ற கருவியை அவர் எடுத்ததும் சடையப்பன் பாய்ந்து வந்து செட்டைப் பொத்திக்கொண்டார்.

“வாணாம்மா. இத்த இப்பிடியே எங்கிட்ட வுட்டுடு.”

“சொன்னபடி செய்யவும் மாட்டீங்க, திருப்பித் தரவும் மாட்டீங்களா?”

“பாத்தியா, பாத்தியா!” முனியம்மாளின் குரல் உடைந்தது. “வுட மனசு வரல. யோவ், நீ அவளையே கட்டிக்கினு அழு. நான் தாமலுக்கு என் தம்பி வூட்டுக்குப் போறேன். பஸ்ஸு வந்தா உனுக்காக நிக்க மாட்டேன்.”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

“ஏன் பெரியவரே,” டாக்டர் தணிந்த குரலில் கேட்டார், “குடும்பமே ரெண்டாகுது. ஒரு துண்டுப் பல்லுல அப்படி என்ன இருக்கு?”

சடையப்பன் வாசலை எட்டிப் பார்த்தார். அவள் தூரமாக, பஸ் நிற்கிற புளியமரத்தடிக்கே போய்விட்டாள். செட்டை வாயில் பொருத்திக்கொண்டார். தலையைக் குனிந்துகொண்டு, தோள் துண்டின் நூலைப் பிய்த்தபடி பேசினார்.

“அவ எதிர்ல சொல்ல வெக்கமா கீதும்மா. ஊரான் பல்லு எனுக்கு வாணாம், வச்சா இத்தத்தான் வைய்யின்னு கம்பவுண்டரு கையப் புடிச்சுக் கெஞ்சி வச்சிக்கினேன். அத்தப் போயி சக்கரத் தண்ணியில முக்கி, என் கையாலயே சொத்தையாக்கச் சொன்னா எப்பிடிம்மா மனசு வரும்? போன வருசம் நீ புடுங்குன என் முனியம்மா பல்லாச்சே அது!”