பெடலை மிதித்தவன்

“யாரைக் கேட்டுய்யா அந்தப் பெடலை மிதிச்சே?”

மேடையிலிருந்து இறங்கியதுமே கிடார் வாசித்தவனைக் கணபதிராமன் பிடித்துக்கொண்டார்.

மைசூர்த் தமிழர்கள் கூடி நடத்தும் ஆண்டு விழா. காலையிலிருந்து அவருடைய மெல்லிசைக் குழுதான் பாடியது. குழுவை ஆரம்பித்தவர், நடத்துகிறவர், முதல் பாடகர் எல்லாம் அவரே.

மனோஜ்குமார் தோளில் கிடாரோடு நின்றான். கொள்ளேகால் பக்கத்துக்காரன். மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர்.

“தப்புதானுங்க சார்.”

“தப்பா? நான் பாடினது தாலாட்டுய்யா! உன் கிடார் ஆம்ப்ல துளி கரகரப்பு வரக் கூடாது, மணி அடிச்ச மாதிரி சுத்தமா கேட்கணும்னு நானே பக்கத்துல நின்னு வெச்சேன். நீ பாதிப் பாட்டுல ஓவர்டிரைவ் பெடலை மிதிச்சு, லாரி மேடேறுற மாதிரி ‘கர்ர்’னு விடறே. தூங்கற குழந்தைகூட அலறி எழுந்திருக்கும்!”

மனோஜ் கிடார் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டான்.

“அந்தப் பெடல் கடைசிக் குத்துப்பாட்டுக்கு மட்டும்னு சொன்னேனா, இல்லையா?”

“சொன்னீங்க சார்.”

“அப்புறம்?”

“கால் பட்டுருச்சுங்க.”

“பட்டா உடனே இன்னொரு மிதி மிதிச்சு அணைக்கத் தெரியாதா? சரணம் முடியற வரைக்கும் வாசிச்சியே, அதுவும் கால் பட்டதுதானா?”

மகள் சுஷ்மா ஓடிவந்தாள். “அப்பா, மெதுவா பேசுங்க. எல்லாரும் நல்லா கைதட்டினாங்களே!”

“இவனுக்குத் தட்டினாங்க! என் குரல் யார் காதுல விழுந்தது? உன் மாமனார், மாமியார் ஆகப்போறவங்க முன் வரிசையில உட்கார்ந்திருக்காங்க. முதல் தடவையா நான் பாடிக் கேட்க வந்தவங்க. அவங்க எதிர்ல என் பாட்டை மூடிட்டான். பொறாமை! வேற என்ன?”

சுஷ்மா மனோஜைப் பார்த்தாள். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

“இனிமே நீ ரிகர்சலுக்கு வர வேண்டாம்.”

மனோஜ் ஒரு கணம் நிமிர்ந்தான். ஷிப்ட் முடிந்து குளிக்காமல்கூட நேராக ரிகர்சலுக்கு வருகிறவன். ஆறு வருஷமாக.

“சரிங்க சார்.”

கிடாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தான். போய்விட்டான்.

சாப்பாடு ஆயிற்று. பாயசம் இரண்டு முறை வந்தது. கணபதிராமனுக்குக் கோபம் மட்டும் ஆறவில்லை. எழுந்து மைக்செட் லிங்கப்பனிடம் போனார். அவர் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“லிங்கப்பன், இன்னிக்குப் பாடினதெல்லாம் ரெக்கார்ட் ஆச்சா?”

“ஆயிருக்குதுங்க. ஒவ்வொரு மைக்கும் தனித்தனியா இருக்குது.”

“அந்தத் தாலாட்டை எடுத்துக் கொடுங்க. கமிட்டிக்குப் போட்டுக் காட்டப் போறேன். இந்த ஊர்ல எவனும் அவனை இனி மேடையேத்தக் கூடாது!”

ஒயர் சுருட்டிய கை நின்றது.

“ஸ்வல்ப... கொஞ்சம் யோசிங்க சார். அந்தத் தம்பி பாவமுங்க...”

“பாவமா? அவனுக்கு நீங்க வேற பரிஞ்சு பேசறீங்களா? போடுங்கய்யா!”

லிங்கப்பன் ஒயரைக் கீழே வைத்தார். பிறகு லேப்டாப்பைத் திறந்து, ஹெட்போனை நீட்டினார்.

“முதல்ல உங்க மைக் மட்டுமுங்க. கிடாரெல்லாம் நிறுத்திட்டேன்.”

பல்லவி இழைந்து வந்தது. கணபதிராமன் தலையாட்டிக்கொண்டார்.

சரணத்தில் மேலே ஏற வேண்டிய இடம். குரல் ஏறவில்லை. வழுக்கியது. சுருதிக்குக் கீழே இறங்கி, அங்கேயே நின்றது. அடுத்த வரியில் சரியாகிவிடும் என்று காத்திருந்தார். ஆகவில்லை. நாலு வரியும் அப்படியே.

மேடையில் இதை அவர் கேட்கவே இல்லை.

“இப்ப கிடாரோட கேளுங்க.”

அதே சரணம். குரல் வழுக்கிய மறு நொடியே ‘கர்ர்’ என்று கிடார் எழுந்தது. அதற்குப் பிறகு அவர் குரலைத் தேடிப் பிடிக்கத்தான் வேண்டியிருந்தது. அவர் பாட வேண்டிய மெட்டை, பாட வேண்டிய சுருதியில், கிடார் பாடி முடித்தது.

கணபதிராமன் ஹெட்போனைக் கழற்றினார். காதுமடல் சிவந்திருந்தது.

“இதை... அவன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

லிங்கப்பன் லேப்டாப்பை மூடினார்.

“எங்கிட்ட மட்டும் சொன்னாருங்க. ‘சார் மைக்ல பதிவானதை அழிச்சுருங்கண்ணா, கேட்டா அவரு இனிமே பாடவே மாட்டாரு’ன்னு கெஞ்சிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனாருங்க.”