இரண்டாவது டிஸ்க்

"ஒண்ணு இல்ல சார், உள்ள ரெண்டு டிஸ்க் சிக்கியிருந்துச்சு!"

கார் ஆடியோ மெக்கானிக் இரண்டு டிஸ்க்குகளையும் மேசையில் வைத்தார். மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். இரண்டிலும் அவருடைய மாமியாரின் படம் ஒட்டியிருந்தது. இரண்டிலும் பாடியிருப்பதும் சாட்சாத் மாமியாரேதான்.

"ஒரு டிஸ்க் உள்ள இருக்கும்போதே இன்னொண்ணை யாருங்க திணிச்சது?" என்று மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

வேறு யார்? போன ஞாயிற்றுக்கிழமை காரில் தனியாக உட்கார்ந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கட்டைவிரலால் அழுத்தித் திணித்தது மாப்பிள்ளைதான். அதற்காக இங்கே ஒப்புக்கொள்ள அவருக்கென்ன பைத்தியமா?

எல்லாம் அவரே இழுத்துவிட்டுக்கொண்ட வினை. மூன்று வருடத்துக்கு முன், மாமியாரின் அறுபதாவது பிறந்தநாளன்று நல்ல பெயர் வாங்கும் ஆசையில், அவரைப் பாட வைத்து, பதிவு செய்து, இரண்டு டிஸ்க்காகவும் போட்டுக் கொடுத்தார். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "உங்க பாட்டைக் கேட்டாத்தான் அத்தை, எனக்கு வண்டியே ஓடுது" என்று ஒரு வார்த்தையும் விட்டுத் தொலைத்தார். அன்றிலிருந்து மாமியார் காரில் ஏறினால் பாட்டு ஓடியே ஆகவேண்டும். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

நாளைக்கு மைத்துனர் வீட்டுக்கு ஆறு மணி நேரப் பயணம். கார் ஆடியோ செட்டு பிழைத்துக்கொண்டால் அந்த ஆறு மணி நேரமும் அதே பாட்டுகள். அதையும் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தபடி ஓட்ட வேண்டும்.

"விடுடி," என்றார் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமியார். "முதல் டிஸ்க் முடியறவரைக்கும் மாப்பிள்ளைக்குப் பொறுக்கல. ஆசையில ரெண்டாவதையும் போட்டுட்டார்." சொல்லிவிட்டு நீளமாகப் பெருமூச்சு விட்டார்.

நேற்றுக் காலை செட்டைக் கழற்றிக் கொடுத்தபோதே, 'சரி பண்ணாதீங்க' என்று மெக்கானிக்கின் காதில் போட்டுவிடத்தான் மாப்பிள்ளை நினைத்தார். மனைவி நிழல்மாதிரி ஒட்டிக்கொண்டே நின்றாள். இன்றும் அதே கதை. வேறு வழியில்லாமல் மெக்கானிக்கைப் பார்த்து ஒற்றைக் கண்ணைச் சிமிட்டினார். இன்னொரு தடவையும் சிமிட்டினார்.

"என்ன சார், கண்ல தூசியா?"

"இங்க திரும்புங்க, ஊதி விடறேன்," என்று கிட்டே வந்தாள் மனைவி.

"ஒண்ணும் வேண்டாம், போயிடுச்சு!"

மெக்கானிக் புது டிஸ்க் ஒன்றை எடுத்து, பேட்டரியோடு இணைத்திருந்த செட்டுக்குள் தள்ளினார். செட்டு கர்ர் என்று இரண்டு தடவை உறுமிவிட்டு, டிஸ்க்கை வெளியே துப்பியது.

"பார்த்தீங்களா? லென்ஸைத் துடைச்சாச்சு. வயரெல்லாம் பார்த்தாச்சு. கீறல் இல்லாத டிஸ்க்கும் போட்டாச்சு. எதையும் படிக்க மாட்டேங்குது. லென்ஸ் செத்துப்போச்சும்மா. இந்த மாடலுக்கு ஸ்பேரும் வர்றதில்ல."

மாப்பிள்ளைக்கு அங்கேயே விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனாலும் மனிதர் நடிப்பில் குறை வைக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயய்யோ! அப்ப நாளைக்கு நான் எப்படி வண்டி ஓட்டுவேன்?" என்றார்.

மாமியார் எழுந்து மேசையருகே வந்தார். "சரியாகவே ஆகாதா தம்பி? நிச்சயமாவா?" அவர் குரல் நடுங்கியது.

"சத்தியமா ஆகாதும்மா."

மாமியார் கண்ணை மூடித் திறந்தார். கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டார். அதைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்கே மனசு கேட்கவில்லை. பாவம், வயசான காலத்தில் இருந்த ஒரு சந்தோஷத்தையும் கெடுத்துவிட்டோமே என்று உறுத்தியது.

"வருத்தப்படாதீங்க மாப்பிள்ளை, மனசைத் தேத்திக்கோங்க," என்று அவருக்கு ஆறுதல் சொன்னதும் மாமியார்தான்.

"டிஸ்க் எதுக்கு?" என்றாள் மனைவி. "அம்மாதான் கூடவே வர்றாங்களே. வழியெல்லாம் நேர்லயே பாடட்டும்!"

மாப்பிள்ளைக்குப் பகீர் என்றது. நல்லவேளை, மாமியார் உடனே இருமினார். "தொண்டை கட்டிக்கிச்சுடி. டாக்டர் ஒரு மாசம் பாடவே கூடாதுன்னுட்டார்."

"எப்பம்மா டாக்டர்கிட்ட போனே?"

"போனேன், வா," என்று மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காருக்கு நடந்தார் மாமியார்.

மாப்பிள்ளையும் பின்னாலேயே போய், கார்க் கதவு வரை சென்று, பேனாவை மறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு ஓட்டமாகத் திரும்பி வந்தார். மெக்கானிக்கின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க மனுஷனே இல்ல, தெய்வம்! கண்ணைச் சிமிட்டினதுலயே என் மனசைப் புரிஞ்சுக்கிட்டீங்களே!"

"உங்க மனசா?" மெக்கானிக் விழித்தார். "செட்டு நேத்து மத்தியானமே சரியாயிடுச்சு சார். ஒரு வயரைக் கழட்டி விட்டிருக்கேன், அவ்வளவுதான்."

"அப்ப... எதுக்குப் பொய் சொன்னீங்க?"

மெக்கானிக் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்க மாமியார் நேத்து சாயங்காலம் போன் பண்ணினாங்க சார். 'தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அதைச் சரி பண்ணிடாதீங்க. என் பாட்டை என்னாலயே சகிக்க முடியல. மாப்பிள்ளை மனசு நோகக்கூடாதேன்னு மூணு வருஷமாப் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்'னு ஒரே அழுகை!"